ஆறுக்கு நான்கு: கன்சாஸ் கல்வி வாரியமும் நான்கு முறை மாறிய அறிவியல் பாடமும்

1999 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலக் கல்வி வாரியம், பள்ளி அறிவியலுக்கான புதிய பாடத்தர ஆவணத்தை ஆறுக்கு நான்கு என்ற வாக்கில் ஏற்றது. ஓர் உயிரினத்திலிருந்து காலப்போக்கில் இன்னோர் உயிரினம் உருவாவது, பூமியின் வயது, பெருவெடிப்பு எல்லாம் அதில் விடுபட்டிருந்தன. மறந்துபோய் விட்டதல்ல, பார்த்துப் பார்த்து எடுத்தது. 2001 பிப்ரவரியில் அதே வாரியம் ஏழுக்கு மூன்று என்று வாக்களித்து அவற்றைத் திரும்பச் சேர்த்தது. 2005 நவம்பரில் மறுபடி ஆறுக்கு நான்கு. பரிணாமக் கோட்பாட்டின் மீது சந்தேகம் கிளப்பும் வாசகங்கள் உள்ளே வந்தன. 2007 பிப்ரவரியில் இன்னொரு ஆறுக்கு நான்கு. அந்த வாசகங்கள் வெளியே போயின. எட்டு வருடத்துக்குள் நான்கு முறை. இந்த எட்டு வருடத்தில் உயிரியலின் அடிப்படை எதுவும் தலைகீழாகிவிடவில்லை.

மதத்துக்கும் அறிவியலுக்கும் நடந்த சண்டையாக இதைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதை நான் திரும்ப எழுதப் போவதில்லை. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு வாரியம், 4 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் வகுப்பறையைத் தொட வேண்டுமானால் எந்தெந்த வாசல்களைத் தாண்டிப் போக வேண்டும் என்பதைக் காட்ட இதைவிட நல்ல நிகழ்வு கிடைப்பது கஷ்டம். எல்லாம் திறந்த கூட்டத்தில், பத்திரிகைக்காரர்கள் முன்னால் நடந்தது. எனக்குப் படுவது இதுதான்: வாக்கெடுப்பு நாளன்று கொள்கை உருவாவதில்லை, அன்று அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அது உருவாகிற இடங்கள் மூன்று. ஆகஸ்ட் மாதத்து உட்கட்சித் தேர்தல், வரைவை எழுதும் மேசை, மாநிலத் தேர்வுத்தாள்.

பத்து என்ற எண்

கன்சாஸ் அரசியல் சட்டத்தின் ஆறாவது பிரிவு முழுக்கக் கல்வி பற்றியது. 1966இல் வாக்காளர்களின் ஒப்புதலோடு அது திருத்தி எழுதப்பட்டது. அதன்படி, அரசுப் பள்ளிகளைப் பொதுவாக மேற்பார்வை பார்ப்பது மாநிலக் கல்வி வாரியம். பள்ளிகளை அன்றாடம் நடத்துவது அந்தந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுக்கும் உள்ளூர்ப் பள்ளி வாரியங்கள். அப்படி ஏறக்குறைய 300 பள்ளி வட்டாரங்கள் அப்போது இருந்தன. பணம் ஒதுக்குவது சட்டமன்றம். வாரியத்தின் மேற்பார்வை அதிகாரம் அரசியல் சட்டத்திலிருந்தே நேரடியாக வருகிறது, அதைப் பயன்படுத்தச் சட்டமன்றம் தனியாக ஒரு சட்டம் இயற்றித் தர வேண்டியதில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 1973இல் சொல்லிவிட்டது. ஆக, வாரியம் எடுக்கும் முடிவு பிடிக்காவிட்டாலும் சட்டமன்றம் சட்டென்று கை வைக்க முடியாது.

ஆளுநரின் கையும் அங்கே எட்டாது. மற்ற பல மாநிலங்களில் வாரிய உறுப்பினர்களை ஆளுநர் நியமிக்கிறார். விஸ்கான்சினில் மாநிலக் கல்வி வாரியம் என்ற ஒன்றே கிடையாது. கன்சாஸில் பத்துப் பேரையும் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் கட்சி அடையாளத்தோடு. மாநில செனட்டுக்கு 40 தொகுதிகள். அடுத்தடுத்துள்ள நான்கு நான்காகச் சேர்த்தால் ஒரு வாரியத் தொகுதி. பதவிக்காலம் நான்கு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஐந்து இடங்களுக்குத் தேர்தல் வரும். மாநிலக் கல்வித் துறையை நடத்தும் ஆணையரை வாரியமே நியமிக்கிறது. வேண்டாமென்றால் வாரியமே அனுப்பிவிடலாம்.

பத்து என்பது இரட்டைப்படை. ஐந்துக்கு ஐந்து என்று நின்றால் முடிச்சை அவிழ்க்க யாரும் இல்லை. தலைவரும் பத்தில் ஒருவர்தான், அவருக்குத் தனி வாக்கு கிடையாது. அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் இதை யோசித்துச் செய்தார்களா, நான்கு நான்காகப் பிரிக்க வசதி என்று விட்டார்களா, எப்படியிருந்தாலும் விளைவு ஒன்றுதான். எதையும் மாற்ற ஆறு பேர் வேண்டும். ஆறாவது ஆள் யார் என்பதுதான் இந்த எட்டு வருடக் கதை.

தேர்தலைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கன்சாஸில் குடியரசுக் கட்சியின் கை ஓங்கியிருக்கிறது. பெரும்பாலான வாரியத் தொகுதிகளில் அந்தக் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவானாலே தேர்தல் முடிந்த மாதிரிதான். அதை முடிவு செய்வது ஆகஸ்டில் நடக்கும் உட்கட்சித் தேர்தல். கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல் அது. நவம்பர் பொதுத் தேர்தலுக்கு வருகிற கூட்டம் இதற்கு வராது. வாக்குச்சீட்டில் கல்வி வாரியம் கீழே எங்கோ இருக்கும். அங்கே நடப்பது இரு கட்சிகளுக்கு இடையிலான போட்டி அல்ல, ஒரே கட்சியின் மிதவாதிகளுக்கும் பழமைவாதிகளுக்கும் இடையில். சில ஆயிரம் பேர் சேர்ந்து வந்து வாக்களித்தால் மாநிலத்தின் அறிவியல் பாடம் திசைமாறும். பின்னால் அப்படித்தான் மாறியது, இரண்டு பக்கமும்.

அந்த ஆவணத்தில் என்ன இருக்கிறது

பாடத்தர ஆவணம் என்பது பாடநூல் அல்ல. கன்சாஸ் மாநிலம் பாடநூல்களைத் தேர்ந்தெடுப்பதுமில்லை. அது வட்டாரங்களின் வேலை. தினமும் என்ன நடத்த வேண்டும் என்ற திட்டமும் அதில் இருக்காது. இந்தக் கட்டத்தைத் தாண்டும் மாணவருக்கு இன்னின்னவை தெரிந்திருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் ஒரு பட்டியல், அவ்வளவுதான். ஓர் ஆசிரியர் அதில் இல்லாததைச் சொல்லிக்கொடுத்தால் குற்றமில்லை. ஒரு வட்டாரம் அதைவிடக் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளலாம். 1999இல் வாரியத் தரப்பு திரும்பத் திரும்பச் சொன்னதும் இதைத்தான்: பரிணாமத்தை நாங்கள் தடை செய்யவில்லை, உள்ளூரின் முடிவுக்கு விட்டிருக்கிறோம்.

அப்படியானால் எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? மாநிலத் தேர்வு அந்த ஆவணத்திலிருந்துதான் தயாராகிறது. ஆவணத்தில் இல்லாதது தேர்வில் வராது. தேர்வில் வராததை, நேரம் நெருக்கும்போது, ஆசிரியர் முதலில் தள்ளிப்போடுவார், அப்புறம் விட்டேவிடுவார். பெற்றோர் யாராவது வந்து முறைத்துவிட்டுப் போகும் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். “மாநிலப் பாடத்தரத்தில் இருக்கிறது, நான் என்ன செய்ய?” என்று அந்தப் பெற்றோருக்குப் பதில் சொல்ல ஆசிரியருக்கு ஒரு காகிதம் வேண்டும். 1999இல் எடுத்துப் போட்டது அந்தக் காகிதத்தைத்தான்.

சட்டத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் இந்த வழி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது விளங்கும். பரிணாமம் கற்பிப்பதைத் தடை செய்த ஆர்கன்சாஸ் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968இல் செல்லாதென்றது. பரிணாமம் சொல்லிக்கொடுத்தால் கூடவே படைப்பு பற்றிய பாடமும் சொல்லிக்கொடு என்ற லூசியானா சட்டமும் 1987இல் விழுந்தது. தடை போடவும் முடியாது, மதப் பாடத்தைச் சேர்க்கவும் முடியாது. மிச்சமிருந்த வழி, பேசாமல் விட்டுவிடுவது. ஒரு பட்டியலில் ஒன்றைச் சேர்க்கவில்லை என்பதற்காக வழக்குப் போடுவது எளிதல்ல.

1999: வரைவை யார் எழுதுவது

ஆணையர் அமைத்த 27 பேர் குழு 1998 முதல் வரைவில் உழைத்தது. அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள். 1996இல் வெளியான தேசிய அறிவியல் கல்வித் தரங்களை முன்மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். அதில் பரிணாமம் உயிரியலின் முக்கியமான இழைகளில் ஒன்று. வரைவு திருத்தத்துக்கு மேல் திருத்தமாகப் போய் 1999 வசந்தத்தில் வாரியத்தின் முன் வந்தது. அங்கே உறுப்பினர் ஸ்டீவ் ஆப்ரம்ஸ் ஒரு மாற்று வரைவை எடுத்து வைத்தார். அவர் தொழிலால் கால்நடை மருத்துவர். அந்த மாற்று வரைவுக்குப் பின்னால், உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்று சொல்லும் படைப்புவாத அமைப்பு ஒன்றின் உதவி இருந்தது. வாரியம் ஐந்துக்கு ஐந்து என்று முட்டிக்கொண்டு நின்றது.

முட்டிக்கொண்டபோது வாரியம் செய்தது எங்கேயும் நடப்பதுதான்: இன்னும் சிறிய ஒரு குழுவிடம் விட்டது. மூன்று உறுப்பினர்கள் கோடையில் உட்கார்ந்து 27 பேரின் வரைவை அடித்துத் திருத்தினார்கள். ஓர் இனத்துக்குள் நடக்கும் சிறு மாற்றங்கள் இருக்கட்டும், இனம் விட்டு இனம் போகும் பெரிய மாற்றம் வேண்டாம் என்று சமரசம் பேசப்பட்டது. அந்தச் சமரசம் ஆறாவது வாக்கைக் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஒரு நிபுணர் குழு செய்ததை மூன்று பேர் சில வாரங்களில் மாற்றலாம் என்பதில் விதிமீறல் எதுவும் இல்லை. குழு ஆலோசனை சொல்லும், வாரியம் முடிவெடுக்கும். விதி அப்படித்தான்.

ஆளுநர் பில் கிரேவ்ஸ் அதே குடியரசுக் கட்சிக்காரர். அவர் முடிவைக் கடுமையாகக் கண்டித்தார். கண்டிக்கத்தான் முடிந்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் முன்கூட்டியே எச்சரித்து எழுதினார்கள். அதுவும் எழுத்தோடு நின்றது.

உண்மையில் வலித்த அடி எதிர்பாராத இடத்திலிருந்து விழுந்தது. கன்சாஸ் ஆவணம் தேசியத் தரங்களிலிருந்து வாக்கியம் வாக்கியமாக எடுத்திருந்தது. அவற்றின் பதிப்புரிமை தேசிய அறிவியல் கழகம் உள்ளிட்ட மூன்று அமைப்புகளிடம் இருந்தது. பரிணாமத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை எங்கள் வார்த்தைகளில் வெளியிட அனுமதிக்க மாட்டோம் என்று மூன்றும் மறுத்துவிட்டன. வாரியம் ஆவணத்தை வார்த்தை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. ஆளுநராலும் பல்கலைக்கழகங்களாலும் சட்டமன்றத்தாலும் முடியாததை, ஓரளவுக்காவது, ஒரு பதிப்புரிமைக் கடிதம் செய்தது. 2005இலும் இதே கடிதம் திரும்ப வந்தது. கொள்கை ஆய்வு செய்கிறவர்கள் அதிகாரப் படிநிலை வரைபடம் போடும்போது இந்தப் பெட்டியை வரைய மறந்துவிடுவார்கள்.

2000: ஆகஸ்டில் திருப்பம்

அடுத்த வருடமே தேர்தல். சில ஆயிரம் பேரோடு முடிகிற உட்கட்சித் தேர்தலைப் பற்றித் தேசியத் தொலைக்காட்சிகள் பேசின. வாரியத் தலைவராயிருந்த லிண்டா ஹாலோவே சொந்தக் கட்சியின் சூ கேம்பிளிடம் தோற்றார். இன்னொரு பழமைவாத உறுப்பினரும் தோற்றார். 2001 ஜனவரியில் புதிய வாரியம் பொறுப்பேற்றது. பிப்ரவரி 14 அன்று பரிணாமம் ஏழுக்கு மூன்று என்ற வாக்கில் திரும்பி வந்தது.

அத்தோடு முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். தோற்ற தரப்பு மட்டும் அடுத்த ஆகஸ்டுக்குத் தயாரானது.

2002 தேர்தலில் மிதவாத உறுப்பினர்கள் இருவரை உட்கட்சித் தேர்தலிலேயே தோற்கடித்து வாரியத்தை மறுபடி ஐந்துக்கு ஐந்து ஆக்கினார்கள். இரண்டு வருடம் பெரிய முடிவு எதையும் எடுக்க முடியாத வாரியம். 2004 ஆகஸ்டில் கேத்தி மார்ட்டின் என்பவர் பதவியிலிருந்த புரூஸ் வயட்டைத் தோற்கடித்தார். ஆறாவது ஆள் கிடைத்துவிட்டார். 2005 நவம்பரில் நடக்கப்போகும் வாக்கெடுப்பின் முடிவு அன்றே எழுதியாயிற்று. நடுவில் நடந்த பதினைந்து மாத விசாரணை, வரைவு, பொதுக்கூட்டம் அத்தனையும் அந்த முடிவுக்குப் போகும் பாதையை அலங்கரித்ததுதான் என்பது என் வாசிப்பு.

2005: மூன்று நீதிபதிகள், ஒரு பக்கச் சாட்சிகள்

பாடத்தரங்களை அவ்வப்போது மறுபரிசீலனை செய்வது வழக்கமான வேலை. அதற்காக 26 பேர் கொண்ட குழு 2004இல் அமர்ந்தது. இந்த முறை உறுப்பினர்களைப் பொறுக்கும்போதே கவனம் வேறு மாதிரி இருந்தது. குழுவில் எட்டுப் பேர் சிறுபான்மை அறிக்கை என்று தனியாக ஒன்றைக் கொடுத்தார்கள். பரிணாமத்தை எடுத்துவிடு என்று அது சொல்லவில்லை. 1999இன் பாடத்தை நன்றாகப் படித்திருந்தார்கள். பரிணாமம் இருக்கட்டும், அதன் மீதான விமர்சனமும் சேரட்டும் என்றது. காதில் விழும்போது இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. எந்த நல்ல ஆசிரியரும் விமர்சனம் வேண்டாம் என்பாரா? சிக்கல் என்னவென்றால், உயிரியலாளர்களுக்குள் நடக்காத ஒரு சண்டையை நடப்பதாக மாணவரிடம் சொல்லச் சொன்னது அது. உயிர் ஏதோ ஓர் அறிவால் வடிவமைக்கப்பட்டது என்று, அறிவார்ந்த வடிவமைப்பு என்ற பெயரில் வாதிடும் இயக்கம் இதன் பின்னணியில் இருந்தது. அதன் கன்சாஸ் முகம் ஜான் கால்வெர்ட் என்ற வழக்கறிஞர்.

2005 மே மாதம் மாநிலத் தலைநகர் டொபீகாவில் விசாரணை நடந்தது. மே 5 முதல் 7 வரை சாட்சிகள், 12 அன்று எதிர்த்தரப்பின் முறை. விசாரித்தவர்கள் மூன்று வாரிய உறுப்பினர்கள்: ஆப்ரம்ஸ், மார்ட்டின், கானி மோரிஸ். மூவரும் ஆறு பேர் அணியைச் சேர்ந்தவர்கள். ஏற்பாடு நீதிமன்றம் போலவே இருந்தது: மேசை, சாட்சி, குறுக்கு விசாரணை. ஒன்றே ஒன்று குறைந்தது. ஒரு பக்கம் சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. கன்சாஸின் அறிவியல் ஆதரவு அமைப்பு புறக்கணிக்கச் சொன்னது. அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கமும் வர மறுத்தது. இருபதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் வந்தார்கள், எல்லோரும் சிறுபான்மை அறிக்கையின் பக்கம்.

எதிர்த்தரப்புக்காக வந்தது டொபீகா வழக்கறிஞர் பெத்ரோ இரிகோனெகராய் மட்டும். அவர் ஏறக்குறைய எல்லாச் சாட்சிகளிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார். பூமியின் வயது என்ன? எல்லா உயிர்களுக்கும் பொது மூதாதை உண்டா? மனிதன் முன்மனித உயிர்களிலிருந்து வந்தவனா? பதில்கள் சிதறின. 450 கோடி வருடம் என்றவர்கள் உண்டு. 5,000 முதல் ஒரு லட்சம் வருடத்துக்குள் என்று சொன்னவரும் உண்டு. பிறகு அவர் இன்னொன்றும் கேட்டார்: நீங்கள் எதிர்க்கும் பெரும்பான்மை வரைவை முழுதாகப் படித்தீர்களா? பலர் இல்லை என்றார்கள். அப்படிச் சொன்ன சாட்சி ஒருவரைத் தேற்றும் விதமாக, விசாரித்துக்கொண்டிருந்த வாரிய உறுப்பினர் ஒருவரே தானும் முழுதாகப் படிக்கவில்லை என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். அடுத்த நாள் செய்தித்தாள்களுக்கு வேறென்ன வேண்டும்?

மே 12 அன்று இரிகோனெகராய் ஒரு சாட்சியையும் கூப்பிடாமல் தன் வாதத்தை மட்டும் வைத்தார். கேள்விக்குப் பதில் சொல்லவும் மறுத்துவிட்டார்.

புறக்கணிப்பு சரியா தவறா என்று இன்றும் வாதிக்கலாம். விஞ்ஞானிகள் வராததால் ஓர் அரங்கம் முழுக்க ஒரு பக்கக் குரலே பதிவானது. பயந்துவிட்டார்கள் என்று சொல்ல இடம் கொடுத்தது. என்றாலும் புறக்கணித்தவர்கள் கணக்கை நன்றாகவே போட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்த மூன்று பேரின் மனம் சாட்சியத்தால் மாறப் போவதில்லை. போயிருந்தால், அறிவியலுக்குள் இரண்டு சமமான தரப்பு இருக்கிறது என்ற காட்சிக்கு அவர்களே ஆள் கொடுத்ததாகியிருக்கும். அவர்கள் பேச வேண்டிய ஆட்கள் அரங்கத்தில் இல்லை. 2006 ஆகஸ்டில் வாக்களிக்க வருபவர்கள்.

இதற்கு நடுவில் இயற்பியல் படித்த பாபி ஹெண்டர்சன் என்ற இளைஞர் வாரியத்துக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். உலகத்தைப் படைத்தது பறக்கும் ஸ்பகெட்டி அரக்கன், அதையும் சம நேரம் ஒதுக்கிக் கற்பியுங்கள் என்றது கடிதம். இன்று பலருக்குக் கன்சாஸ் நினைவிருப்பது இதனால்தான். கொள்கையில் அதன் தாக்கம் பூஜ்யம்.

அறிவியல் என்றால் என்ன என்று வாக்கெடுத்தபோது

2005 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை. வாரியம் மாதாமாதம் இரண்டாம் செவ்வாயும் புதனும் கூடும்; இதுவும் அப்படி ஒரு வழக்கமான கூட்டம்தான். ஆறுக்கு நான்கு. புதிய ஆவணம் பரிணாமத்தை வைத்திருந்தது. கூடவே, பொது மூதாதை என்ற கருத்து புதைபடிவச் சான்றாலும் மூலக்கூறுச் சான்றாலும் கேள்விக்குள்ளாகியிருக்கிறது என்று சொன்னது. அறிவார்ந்த வடிவமைப்பு இந்தத் தரங்களில் இல்லை என்றும் அது வெளிப்படையாக எழுதி வைத்தது. வழக்கை முன்கூட்டியே பார்த்துப் போட்ட வேலி அது.

பலர் கவனிக்காமல் விட்ட மாற்றம் முன்னுரையில் இருந்தது. முந்தைய ஆவணம், நம்மைச் சுற்றி நாம் காண்பவற்றுக்கு இயற்கையான விளக்கங்களைத் தேடும் மனிதச் செயல்பாடு என்று அறிவியலை வரையறுத்தது. புதியது அதை நீட்டி எழுதியது: உற்று நோக்கல், கருதுகோள் சோதனை, அளவீடு, பரிசோதனை, தர்க்கம் எல்லாம் கொண்டு இயற்கை நிகழ்வுகளுக்கு இன்னும் பொருத்தமான விளக்கம் நோக்கிப் போகும் முறை என்றது. கேட்க இன்னும் கறாரானதாகவே இருக்கிறது. ஆனால் விளக்கம் இயற்கையானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நைசாகக் கழன்றுவிட்டது. பொருத்தமானதாக இருந்தால் போதும். பரிணாமப் பகுதியில் சேர்த்த வரிகளைவிட இது ஆழமான வெட்டு என்பேன். இந்த ஒரு வரி நின்றால் உயிரியலோடு நிற்காது, வானியல், நிலவியல், மருத்துவம் எல்லாவற்றுக்கும் போகும்.

அதே நவம்பர் 8 அன்று பென்சில்வேனியாவின் டோவர் ஊரில், அறிவார்ந்த வடிவமைப்பை வகுப்பறைக்குக் கொண்டுவந்த உள்ளூர்ப் பள்ளி வாரியத்தின் எட்டு உறுப்பினர்களை மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் டோவர் கொள்கை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். டோவர் வாரியம் ஒரு கருத்தின் பெயரைச் சொல்லி உள்ளே கொண்டுவந்து நீதிமன்றத்தில் மாட்டியது. கன்சாஸ் பெயரைச் சொல்லாமல் செய்தது; யாரும் அதை நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை. சட்டம் தெரிந்த ஆட்கள் எழுதிய கொள்கைக்கும் ஆர்வக்கோளாறில் எழுதிய கொள்கைக்கும் இவ்வளவு வித்தியாசம்.

ஆறு பேர் கையில் இருந்தபோது அறிவியல் மட்டுமா மாறியது? 2005 அக்டோபரில் பாப் கார்க்கின்ஸ் என்பவரைக் கல்வி ஆணையராக நியமித்தார்கள். வரிக் குறைப்புக்காக வாதாடிவந்த வழக்கறிஞர்; பள்ளி நிர்வாக அனுபவம் கிடையாது. அதுவும் ஆறுக்கு நான்குதான். பரிணாமத்தைப் பற்றிக் கவலைப்படாத பெற்றோரும் பள்ளி நிர்வாகிகளும் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2006 தேர்தலை அறிவியல் மட்டும் தீர்மானித்தது என்று சொல்பவர்களிடம் நான் இந்த நியமனத்தைச் சுட்டிக்காட்டுவேன். பள்ளிக்கூடத்தைப் பள்ளிக்கூடம் தெரிந்தவர் நடத்த வேண்டும் என்ற எளிய எண்ணம், புதைபடிவங்களைவிட அதிக வாக்குகளை நகர்த்தியிருக்கக்கூடும்.

2006 ஆகஸ்ட், 2007 பிப்ரவரி

ஆகஸ்ட் 1 அன்று மோரிஸ் உட்கட்சித் தேர்தலில் சாலி காபிளிடம் தோற்றார். போட்டியிடாமல் விலகிய இன்னொரு உறுப்பினரின் இடத்துக்கு அவருடைய மருமகன் நின்று ஜானா ஷேவரிடம் தோற்றார். அதே அணியின் ஜான் பேக்கனும் கென் வில்லர்டும் தப்பித்தார்கள். நவம்பரில் பொதுத் தேர்தல் முடிந்த கையோடு கார்க்கின்ஸ் பதவி விலகினார். 2007 பிப்ரவரி 13 அன்று ஆறுக்கு நான்கு: பழைய வரையறை திரும்பியது, சந்தேக வாசகங்கள் போயின.

கவனிக்க வேண்டிய தேதி ஒன்று இருக்கிறது. எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது என்ற பெயரில் 2002இல் கையெழுத்தான மத்தியச் சட்டம், 2007-08 கல்வியாண்டிலிருந்து மாநிலங்கள் அறிவியலுக்கும் தேர்வு வைக்க வேண்டும் என்றது. கன்சாஸில் 2005 ஆவணத்தை வைத்து நடக்கவிருந்த தேர்வும் அப்போதுதான். அதற்கு முன்பே ஆவணம் மாறிவிட்டது. உலகமெல்லாம் பேசிய அந்தப் பாடத்தரத்திலிருந்து ஒரு மாணவர்கூடத் தேர்வு எழுதவில்லை.

அப்படியானால் ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது, ஆனால் அளக்க முடியாத இடத்தில். பரிணாமம் வரும் அத்தியாயத்தை ஓர் ஆசிரியர் வேகமாகக் கடந்துவிட்டால் அதற்குப் பதிவேடு கிடையாது. கன்சாஸுக்கு வேலைக்கு வரலாமா என்று யோசித்த அறிவியல் ஆசிரியர் வேறு மாநிலத்துக்கு விண்ணப்பம் போட்டால் அதுவும் யார் கணக்கிலும் வராது.

தேர்தல் வைத்ததுதான் தப்பு, ஆளுநர் நியமிக்கட்டும் என்ற யோசனை ஒவ்வொரு சுற்றிலும் எழுந்தது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. மோரிஸையும் ஹாலோவேயையும் கொண்டுவந்த அதே தேர்தல்தான் இருவரையும் அனுப்பியது, அதுவும் ஒரே பதவிக்காலத்தோடு. நியமன வாரியம் இதே முடிவை எடுத்திருந்தால், அடுத்த ஆளுநர் வரும்வரை காத்திருக்க வேண்டும். மாற்ற வேண்டியது ஏதாவது இருக்கிறதென்றால், யாரும் பார்க்காத ஆகஸ்டில் தேர்தல் நடப்பதைத்தான் முதலில் சொல்வேன்.

அப்புறம் வந்த வழக்கு

2013 ஜூன் 11 அன்று வாரியம் அடுத்த தலைமுறை அறிவியல் தரங்கள் எனப்படும், பல மாநிலங்கள் சேர்ந்து உருவாக்கிய ஆவணத்தை எட்டுக்கு இரண்டு என்ற வாக்கில் ஏற்றது. பரிணாமம் அதன் அடித்தளத்தில் இருக்கிறது. வரைவு கன்சாஸின் மேசையில் மட்டும் எழுதப்படவில்லை. மூன்று பேர் கோடையில் உட்கார்ந்து அடித்துத் திருத்துவது இனி அவ்வளவு சுலபமில்லை. 1999இல் கதவாக இருந்த இடத்தில் இப்போது பாதி சுவர்.

தோற்ற தரப்பு இந்த முறை தேர்தலை விட்டுவிட்டு நீதிமன்றம் போனது. ஒரு பெற்றோர் அமைப்பு 2013 செப்டம்பரில் மாநிலக் கல்வி வாரியத்தின் மீது வழக்குத் தொடுத்தது. வழக்கறிஞர்களில் ஒருவர் அதே ஜான் கால்வெர்ட். இயற்கையான விளக்கத்தை மட்டும் ஏற்பது நாத்திகத்தைத் திணிப்பதாகும் என்பது வாதம். 2005இன் முன்னுரை வரி வேறு உடை போட்டு வந்தது. 2014 டிசம்பரில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வாதத்துக்குள்ளேயே யாரும் போகவில்லை. பாடத்தரம் என்பது பாடத்திட்டம் அல்ல, எதை எப்படிக் கற்பிப்பது என்பதை உள்ளூர் வட்டாரங்கள் முடிவு செய்கின்றன, ஆகவே இந்த ஆவணத்தால் உங்களுக்கு நேரடிப் பாதிப்பு என்று சொல்ல முடியாது, வழக்குப் போடும் தகுதி உங்களுக்கு இல்லை என்றார்கள். 1999இல் பரிணாமத்தை எடுத்தவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளச் சொன்ன வாதம் இது. இப்போது அதே வாதம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பில் ஏறியது. அந்த வருடம் நவம்பரில் உச்ச நீதிமன்றமும் வழக்கைக் கேட்க மறுத்துவிட்டது.